51 கோடி ஹாங்காங் டாலர் ஓவியம்: ஸாவோ வூகி சீனத்தையும் மேற்கையும் சேர்த்தது எப்படி?

2018 செப்டம்பர் 30 அன்று ஹாங்காங்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஓர் ஓவியம் 51 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 6.5 கோடி அமெரிக்க டாலர்; நம் ரூபாயில் சுமார் 470 கோடி. அதுவரை ஆசிய ஓவியர் ஒருவரின் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு இவ்வளவு விலை கிடைத்ததில்லை. வரைந்தவர் ஸாவோ வூகி. ஓவியத்தின் பெயர் 'ஜூன்-அக்டோபர் 1985'.

செய்தியைப் படித்தவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் வந்தன. சில செய்திகள் அவரைச் சீன ஓவியர் என்றன, சில பிரெஞ்சு ஓவியர் என்றன. இரண்டுமே சரிதான். 1920ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1948ல் பாரிஸுக்குப் போனார். 1964ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 2013ல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். இன்னொரு குழப்பம் கொஞ்சம் ஆழமானது. எல்லாச் செய்திகளும் "சீன மரபையும் மேற்கத்திய மரபையும் கலந்தவர்" என்று ஒரு வரி எழுதின. ஆனால் அந்த ஓவியத்தில் மலை இல்லை, மூங்கில் இல்லை, கொக்கு இல்லை, மனிதர்களும் இல்லை. சீனம் என்று சொல்ல எதுவுமே கண்ணில் படாத படத்தில் என்ன கலந்திருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள, கலக்கப்பட்டதாகச் சொல்லும் இரண்டும் என்னென்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மையும் தாளும்

சீன ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அதில் வரையப்படும் பொருள்கள். சீன ஓவியர்களோ மரபு என்று பேசும்போது பெரும்பாலும் வரையும் முறையைத்தான் சொல்கிறார்கள். அதில் நான்கு விஷயங்கள் முக்கியம்.

1. மை. கரியையும் பசையையும் சேர்த்துச் செய்த கட்டியைக் கல்லில் நீர் விட்டு உரைத்து மை எடுக்கிறார்கள். நீரின் அளவை மாற்றினால் அடர்கறுப்பிலிருந்து புகை போன்ற சாம்பல் வரை அத்தனை நிறமும் கிடைக்கும். மைக்குள்ளேயே ஐந்து வண்ணம் உண்டு என்று சீனத்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அது விழும் தாள் பெரும்பாலும் சுவான் தாள். நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தூரிகை ஒரு நொடி தயங்கி நின்றாலும் அந்த இடத்தில் மை ஊறிப் பரவிவிடும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. கையின் வேகம், அழுத்தம், தயக்கம் எல்லாம் தாளில் அப்படியே பதிவாகிவிடும்.

2. எழுத்து. எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே தூரிகை, ஒரே மை. அழகெழுத்துப் பயிற்சி இல்லாமல் ஓவியர் கிடையாது. ஸாவோவுக்குச் சிறுவயதில் எழுத்துப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய தாத்தா. ஒரு கோட்டை அது எதைக் காட்டுகிறது என்பதற்காக மட்டும் பார்க்காமல், அந்தக் கோடு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது இந்தப் பயிற்சியில்தான் வருகிறது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் ஷியே ஹே என்பவர் ஓவியத்துக்கு ஆறு விதிகள் வகுத்தார். அவற்றில் முதல் விதியே உயிரோட்டம்தான். உருவ ஒற்றுமை அதற்குப் பிறகுதான் வருகிறது.

3. வெற்றிடம். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒன்றுமே வரையாமல் விட்ட வெள்ளைத் தாள் மூடுபனியாகிறது, நீராகிறது, தூரமாகிறது. அது மிச்சம் விழுந்த இடமல்ல. ஓவியர் யோசித்து விட்ட இடம்.

4. பார்வை. சீன நிலக்காட்சியில் பார்ப்பவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீளமான சுருளை ஒரு பக்கம் விரித்துக்கொண்டே மறுபக்கம் சுருட்டுவார்கள். மலையடிவாரத்தில் இருந்த கண், கொஞ்ச நேரத்தில் சிகரத்தை எட்டியிருக்கும்.

ஐரோப்பிய எண்ணெய் வண்ண மரபு இதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் வளர்ந்தது. எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாகக் காயும். சுரண்டலாம், துடைக்கலாம், மாதக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசலாம். கித்தான் முழுவதையும் வண்ணம் மூடியிருக்கும். மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து, ஒற்றைக் கண் ஓரிடத்திலிருந்து பார்ப்பது போன்ற பெர்ஸ்பெக்டிவ் முறையும், ஒரு திசையிலிருந்து விழும் ஒளியும், அது தரும் நிழலும் அங்கே இலக்கணமாயின. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செசானும் பிறகு மத்தீஸ், பிக்காசோ போன்றவர்களும் அந்த இலக்கணத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்கள். ஸாவோ போன்ற சீன இளைஞர்கள் மேற்கை நோக்கித் திரும்பியபோது, மேற்கே தன் மரபை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

இதற்கு முன் முயன்றவர்கள்

கலப்பு 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல. 1715ல் பெய்ஜிங் வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ஜுசெப்பே காஸ்டிலியோனே, லாங் ஷினிங் என்ற சீனப் பெயரோடு மூன்று பேரரசர்களிடம் அரசவை ஓவியராக இருந்தார். 1728ல் அவர் முடித்த நூறு குதிரைகள் ஓவியம், பட்டில் வரைந்த சுருள். நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். குதிரைகளின் உடல் திரட்சி ஐரோப்பியம், சுருளின் வடிவம் சீனம்.

அடுத்தவர் ஷூ பெய்ஹோங். இந்திய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர். 1919 முதல் 1927 வரை பாரிஸை மையமாகக் கொண்டு ஐரோப்பாவில் படித்து, உடற்கூறு சார்ந்த துல்லியமான கோட்டோவியத்தைச் சீனாவுக்குக் கொண்டுபோனார். மையில் அவர் வரைந்த பாயும் குதிரைகள் இன்றும் சீன வீடுகளின் சுவர்களில் தொங்குகின்றன. தாகூர் அழைத்து 1939 இறுதியில் சாந்திநிகேதன் வந்தார். 1940ல் காந்தியை நேரில் பார்த்து வரைந்தார். மலையைப் பெயர்க்கும் மூடக் கிழவன் என்ற சீனக் கதையைப் பிரம்மாண்டமான மை ஓவியமாக அவர் தீட்டியதும் அந்த 1940ல், இந்தியாவில் இருந்தபோதுதான். ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய நாட்டுக்கு, விடாமல் மண்வெட்டி பிடிக்கும் மனிதர்களை அவர் காட்டினார்.

ஆனால் ஷூவுக்குச் செசானும் மத்தீஸும் ஆகாது. 1929ல் ஷாங்காயில் நடந்த முதல் தேசியக் கண்காட்சியின்போது அவர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கவிஞர் ஷூ ஜிமோ பதில் எழுதினார். மேற்கிலிருந்து எதை எடுப்பது, பழைய யதார்த்தத்தையா புதிய சோதனையையா என்ற அந்தச் சண்டை சீனக் கலைப்பள்ளிகளையே இரண்டாகப் பிரித்தது.

மறுபக்கம் நின்றவர் லின் ஃபெங்மியன். அவரும் பிரான்சில் படித்தவர். 1928ல், 30 வயதுகூட ஆகாத நிலையில், ஹாங்ஜோ நகரில் தொடங்கிய தேசியக் கலைக்கழகத்துக்குத் தலைவரானார். சீன ஓவியமும் மேற்கத்திய ஓவியமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பள்ளியில் 1935ல் சேர்ந்தவர் ஸாவோ வூகி. அங்கே அவரோடு சூ தெசுன், வூ குவான்ஜோங் ஆகியோரும் படித்தார்கள். ஒரே பள்ளியிலிருந்து மூன்று பெரும் ஓவியர்கள். வூ குவான்ஜோங்கிடம் பின்னர் வருவோம்.

ஸாவோ எடுத்த சுற்றுவழி

ஸாவோ மாணவராக இருந்தபோது செசான், மத்தீஸ், பிக்காசோ எல்லாரையும் பத்திரிகைகளிலும் அஞ்சல் அட்டைகளிலும் அச்சான படங்களாகத்தான் பார்த்தார். 1948ல் மனைவி ஷியே ஜிங்லானோடு கப்பலேறி பாரிஸ் வந்தவர், முதல் நாளே லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனார். வரும்போதே ஒரு முடிவோடு வந்தார்: மை ஓவியம் வரையப்போவதில்லை. சீனன் என்றால் மூங்கிலும் மையும்தான் என்று பாரிஸ் தன்னை ஓரங்கட்டிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த விரதத்தை 20 ஆண்டுகளுக்கு மேல் காத்தார்.

இங்கே ஒரு சின்னச் சம்பவம். 1949ல் எட்மோன் தெஜோபேர் என்பவரின் கல்லச்சுக் கூடத்தில் ஸாவோ லித்தோகிராஃப் கற்றார். கல்லச்சு என்பது எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற அடிப்படையில் நடக்கும் அச்சு. கொழுப்புள்ள மையால் கல்லில் வரைந்து அதிலிருந்து படி எடுப்பார்கள். ஸாவோ அந்த மையில் நீரைத் தாராளமாகக் கலந்து தீட்டினார். இவ்வளவு நீர்த்தால் அச்சு விழாது என்று அச்சுக்காரர் எச்சரித்தார். கல்லிலிருந்து தாளைப் பிரித்தபோது மெல்லிய, ஊறிப் பரவிய நிறங்கள் விழுந்திருந்தன. மை வேண்டாம் என்று மனம் தீர்மானித்திருந்தது. நீரோடு பழகிய கை அதைக் கேட்கவில்லை. அந்த அச்சுகளைப் பார்த்த கவிஞர் ஆன்ரி மிஷோ எட்டுப் படங்களுக்கும் கவிதை எழுதினார். 1930களில் சீனா போய் வந்தவர் மிஷோ. இருவரின் நட்பு கடைசிவரை நீடித்தது.

அடுத்த திருப்பம் 1951ல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். அங்கே பால் கிளேயின் ஓவியங்களை ஸாவோ நேரில் கண்டார். எழுத்தா படமா என்று பிரிக்க முடியாத சின்னச் சின்னக் குறிகள், அவை மிதக்கும் வெளி. கிளே சீனக் கவிதைகளை ரசித்துப் படித்தவர். தன் ஊரின் சரக்கு ஓர் ஐரோப்பியர் வழியாகத் தன்னிடம் திரும்பி வருவதை ஸாவோ அங்கே கண்டார்.

1954ல் 'காற்று' என்ற ஓவியம். தொங்கவிடும் சுருள்படம் போலக் குறுகி நெடிதாக நிற்கும் கித்தான். அதில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புக் குறிகள். இனிமேல் பொருள்களை வரைவதில்லை என்று அவர் நகர்ந்தது இந்தப் படத்தோடுதான். அடுத்த சில ஆண்டுகளின் படங்களில் ஷாங் காலத்து எலும்பெழுத்துகள் போன்ற வடிவங்கள் நிறைந்திருக்கும். ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்பதற்காக 3000 ஆண்டுகளுக்கு முன் கீறப்பட்டவை அவை. ஆனால் ஸாவோவின் குறிகளைச் சீனம் தெரிந்தவராலும் வாசிக்க முடியாது. எழுத்தின் பொருள் போய், எழுதும் அசைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1950களின் இறுதியில் குறிகளும் கரைந்து, அசைவும் வெளியும் மட்டும் எஞ்சின. அத்தோடு தலைப்புகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். முடித்த நாள்தான் பெயர்: 14.12.59, 29.01.64 என்று. ஏலத்தில் விற்ற ஓவியத்தின் பெயர் 'ஜூன்-அக்டோபர் 1985' என்று இருப்பதும் இதனால்தான். ஐந்து மாத உழைப்பு என்று பொருள்.

1960களின் தொடக்கத்தில் அவரே ஒரு பேட்டியில் இதை நேர்மையாகச் சொன்னார். தன் கலைப் பயிற்சியில் பாரிஸின் செல்வாக்கை மறுக்க முடியாது, ஆனால் ஆளுமை உறுதிப்பட உறுதிப்படச் சீனாவைப் படிப்படியாக மீண்டும் கண்டுகொண்டேன் என்பது அதன் சாரம்.

கித்தானில் நடப்பது என்ன?

"கலப்பு" என்ற சொல்லைப் பாதிக்குப் பாதி என்று புரிந்துகொள்வதில்தான் எல்லாக் கோளாறும். ஸாவோவின் படத்தில் இந்த மூலை சீனம், அந்த மூலை பிரெஞ்சு என்று காட்ட முடியாது. மேலே சொன்ன நான்கும் எண்ணெய் வண்ணத்துக்குள் எப்படி இறங்கின என்று பாருங்கள்.

1. எண்ணெய் மையாகிறது. வண்ணத்தை டர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்தால் அது ஓடும், படரும், ஒன்றன் வழியே இன்னொன்று தெரியும். ஸாவோவின் படங்களில் சில இடங்களில் வண்ணம் கழுவிவிட்டது போல இருக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி, கத்தியால் அப்பியது போலத் தடித்திருக்கும். நீர்த்த இடம் சீன மையின் நடத்தை. தடித்த இடம் எண்ணெயால் மட்டும் முடிவது. மையால் முடியாத அந்த அடர்த்தி அவருக்கு வேண்டியிருந்தது என்பதால்தான் எண்ணெயைக் கைவிடவில்லை.

2. கோடு எதையும் குறிக்காமல் நிற்கிறது. நியூயார்க் ஓவியர்களின் கையசைவு ஓவியத்தோடு இதை ஒப்பிடுவார்கள். 1957ல் அவர் அமெரிக்கா போனதும், அங்கே அந்தத் தலைமுறையைச் சந்தித்ததும் உண்மை. அதன்பின் படங்களின் அளவு பெரிதானதும் உண்மை. ஆனால் ஸாவோவின் கோட்டில் தூரிகை நுனி இறங்குவது, அழுந்துவது, எழுவது தெரியும். அது எழுத்துப் பலகையில் பழகிய கை.

3. வெற்றிடம் வண்ணமாகிறது. எண்ணெய் ஓவியத்தில் கித்தானை வெறுமையாக விட்டால் முடிக்காத படம் போலிருக்கும். ஸாவோ வெற்றிடத்தை வண்ணத்தாலேயே கட்டினார். அடுக்கடுக்காகப் பூசிய வெளிர்நிறம் பனி மூட்டம் போல, ஆழம் போல நிற்கிறது. பல படங்களில் நடுப்பகுதியே இப்படித் திறந்து கிடக்கும்.

4. நிற்க ஓரிடம் இல்லை. தொடுவானக் கோடும் இல்லை, பெர்ஸ்பெக்டிவ் கோடுகள் போய்ச் சேரும் மறையும் புள்ளியும் இல்லை. 'ஜூன்-அக்டோபர் 1985' மூன்று கித்தான்களைச் சேர்த்தது, உயரம் 2.8 மீட்டர், அகலம் 10 மீட்டர். அவர் வரைந்தவற்றிலேயே பெரியது. மூன்று பலகை என்ற அமைப்பு ஐரோப்பியத் தேவாலயங்களிலிருந்து வருவது. ஆனால் 10 மீட்டரை நின்ற இடத்தில் பார்க்க முடியாது. நடக்க வேண்டும். சுருளை விரிக்கும் வேலையைக் கால்கள் செய்கின்றன.

சீனத்தன்மை இருப்பது பொருளில் அல்ல, நடத்தையில். டிராகனையும் ஈஃபில் கோபுரத்தையும் ஒரே சட்டத்தில் வைத்துக் "கலப்பு" என்று சொல்லும் படங்கள் ஏராளம். அவற்றில் இரண்டு மரபும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

மைக்குத் திரும்பியது

1970களின் தொடக்கத்தில் ஸாவோவின் இரண்டாம் மனைவி மே நெடுநாள் நோயுற்றிருந்தார். பெரிய கித்தான்கள் முன் நிற்க ஸாவோவுக்கு மனம் ஒப்பவில்லை. மிஷோதான் மையை எடுக்கச் சொன்னார். 20 ஆண்டுக்கு மேல் தள்ளி வைத்திருந்த தாளும் மையும் அவர் மேசைக்குத் திரும்பின. 1972ல் மே இறந்தார். அந்த ஆண்டே ஸாவோ, பிரிந்து 24 ஆண்டுகள் ஆன சீனாவுக்குப் போய்வந்தார். பின்பு மேயின் நினைவாக ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமான ஓர் ஓவியம் வரைந்தார். பெயரில் 10.09.72 என்ற தேதி இருக்கிறது. அது பாரிஸின் பாம்பிடூ மையத்தின் சேகரிப்பில் உள்ளது. மைக்குத் திரும்பிய பின் வந்த எண்ணெய் ஓவியங்களில் காற்றோட்டம் கூடியிருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

1983ல் பெய்ஜிங்கிலும் ஹாங்ஜோவிலும் அவருடைய கண்காட்சிகள் நடந்தன. 1985ல் தான் படித்த அதே ஹாங்ஜோ பள்ளியில் ஒரு மாதம் பாடம் நடத்தினார். ஷூ பெய்ஹோங் வழி வந்த யதார்த்தமும், 1950களில் சோவியத்திலிருந்து இறக்குமதியான யதார்த்தமும் பல ஆண்டுகள் கோலோச்சிய சூழல் அது. அங்கிருந்து பாரிஸ் திரும்பியபின் தொடங்கியதுதான் அந்தப் பத்து மீட்டர் ஓவியம்.

போனவரும் திரும்பியவரும்

வூ குவான்ஜோங்கும் 1947ல் பாரிஸ் போனார். ஆனால் 1950ல் சீனா திரும்பினார். நிர்வாண ஓவியங்களை, மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியின் (1966-76) அச்சத்தில் தன் கையாலேயே அழித்தார். 1970ல் ஹெபெய் மாகாணக் கிராமத்துக்கு வயல்வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஓவியத் தாங்கி இல்லாததால் சாணக்கூடையை வைத்து வரைந்தார். அவர் மையைக் கொண்டே நவீன ஓவியம் செய்தார்: சில கறுப்புக் கோடுகள், சாம்பல் கூரைகள், வெள்ளைச் சுவர்கள், அங்கங்கே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். பட்டம் எவ்வளவு உயரப் பறந்தாலும் நூல் அறக்கூடாது என்பது அவர் கொள்கை; ஊர் மண்ணோடு தொடர்பு இருக்க வேண்டும் என்று பொருள். அதே மனிதர்தான் 1990களில் "தூரிகையும் மையும் பூஜ்யத்துக்குச் சமம்" என்று எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். படத்திலிருந்து பிரித்துத் தூரிகைத் திறனை மட்டும் கொண்டாடுவதில் பயனில்லை என்பது அவர் வாதம்.

ஒருவர் எண்ணெயைச் சீனமாக்கினார், மற்றவர் மையை நவீனமாக்கினார். எது உயர்ந்தது என்று கேட்டால், வூவின் பாதையில் பட்ட பாடு அதிகம் என்றுதான் சொல்வேன். அதே புரட்சியில் ஆசிரியர் லின்னுக்கு நடந்தது இன்னும் கொடியது. தன் ஓவியங்களை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி அழித்தார். அதன்பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

அந்த விலை எங்கிருந்து வந்தது?

'ஜூன்-அக்டோபர் 1985' ஓவியத்தை வரையச் சொன்னவர் கட்டடக் கலைஞர் ஐ.எம். பே. சிங்கப்பூரில் அவர் வடிவமைத்த ராஃபிள்ஸ் சிட்டி கட்டடத்துக்காக. சிட்டி ஹால் மெட்ரோ ரயில் நிலையத்தின் மேலே இருக்கும் அதே கட்டடம்தான். அங்கே ஏறக்குறைய 20 ஆண்டுகள் முன்கூடத்தில் தொங்கியது. வேலைக்குப் போகிற வருகிற யாரும் காசில்லாமல் பார்த்திருக்கலாம்.

2005ல் தைவான் தொழிலதிபர் ஒருவர் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதைச் சுமார் 1.8 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கினார். 13 ஆண்டில் 51 கோடி. ஏறக்குறைய 28 மடங்கு. இதற்குப் பின்னால் இருப்பவை:

1. 51 கோடி என்பது சுத்தியல் விழுந்த விலையல்ல. சுத்தியல் விழுந்தது 45 கோடியில். மீதி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் தரகு.

2. 2005க்கும் 2018க்கும் இடையில் சீனப் பெருநிலத்திலும் தைவானிலும் பணக்காரச் சேகரிப்பாளர்கள் பெருகினார்கள். இந்த ஓவியரை ஐரோப்பாவும் கேட்கிறது, ஆசியாவும் கேட்கிறது. இரண்டு சந்தை ஒரே பொருளுக்குப் போட்டியிட்டால் விலை ஏறத்தான் செய்யும். 2017 நவம்பரிலேயே 29.01.64 என்ற ஓவியம் 20 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியிருந்தது.

3. 2013ல் அவர் இறந்துவிட்டதால் இனிப் புதிய படம் வராது. அதிலும் இது ஆகப் பெரியது, பே கேட்டு வரைந்தது.

இவற்றில் ஒன்றுகூடக் கித்தானில் நடந்ததைப் பற்றியதல்ல. 1985ல் இருந்த அதே ஓவியம்தான் 2018லும் இருந்தது.

நேரில் பார்க்க நேர்ந்தால்

வூ குவான்ஜோங்கைப் பார்ப்பது எளிது. 2008ல் அவர் சிங்கப்பூருக்கு 113 படைப்புகளைக் கொடையாகக் கொடுத்தார், சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அவருக்குத் தனிக் கூடமே இருக்கிறது. ஸாவோவின் படம் முன் நின்றால் முதலில் தூரத்திலிருந்து வெளியைப் பாருங்கள். அப்புறம் நெருங்கி, வண்ணம் எங்கே நீர்த்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று தேடுங்கள். அச்சுப் படத்திலோ போன் திரையிலோ இந்த வேறுபாடு தெரியாது.

கடைசியாகக் கீழே வலது மூலையைப் பாருங்கள். கையெழுத்து இருக்கும். வூகி என்ற பெயரைச் சீன எழுத்திலும், ஸாவோ என்ற குடும்பப் பெயரை ரோமன் எழுத்திலும் அடுத்தடுத்து எழுதியிருப்பார். வூகி என்றால் எல்லையில்லாதது.